இத்தனை ராமசாமிகள்

தமிழில் எழுதியவர்களைப் பெயர் வைத்துத் தேடுவது லேசான வேலை இல்லை. இங்கிலீஷ் புத்தகம் என்றால் குடும்பப் பெயரைப் போட்டால் போதும், ஆள் ஓரளவு அகப்பட்டுவிடுவார். நமக்குப் பெரும்பாலும் அப்படி ஒரு பெயர் கிடையாது. அப்பாவின் பெயரிலிருந்தோ ஊரின் பெயரிலிருந்தோ ஒரு எழுத்து, அதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி, பிறகு நம்முடைய பெயர். அந்தப் பெயரும் ஊரில் பத்துப் பேருக்கு இருக்கும். கூட்டத்தில் ஒருவரைப் பிரித்துக் காட்டுகிற முழுப் பொறுப்பும் அந்த ஒற்றை எழுத்தின் தலையில்தான்.

நான் தேடிய பெயர் ராமசாமி. எங்க தாத்தாவின் பெயர் அது. கம்பஸ் நூலகத்துக் கணினியில் அதை முதல்தடவை தட்டியதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. இரண்டாம் வருடம், வெளியே விடாத மழை, லெக்சர் கென்சல், கொஞ்சம் வீட்டு ஞாபகம். அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு ஒன்றரை வருடமாக அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டே வாசித்து வருகிறேன். பாடத்துக்கு வெளியே நான் வாசித்ததில் பாதிக்கு மேல் ராமசாமிகள் எழுதியவைதான். யாராவது 'உனக்குப் பிடித்த எழுத்தாளர் யார்' என்று கேட்டால் 'ராமசாமி' என்று சொல்லிவிட்டு, 'எந்த ராமசாமி?' என்று அவர்கள் கேட்பதற்காகக் காத்திருப்பது ஒரு சின்னச் சந்தோசம்.

முதலில் தடுக்கியது எழுத்து. ரகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பது இலக்கணம். அதனால் ஒரே பெயர் 'ரா' வரிசையில் ராமசாமி, 'இ' வரிசையில் இராமசாமி, கொஞ்சம் வடமொழி வாசனையோடு ராமஸ்வாமி, இராமசுவாமி. இது போதாதென்று பலர் அந்தப் பெயரிலேயே இருப்பதில்லை. ஈ.வெ. ராமசாமியைப் பெரியார் என்று தேட வேண்டும். வ. ராமசாமி எப்போதோ 'வ.ரா.' ஆகிவிட்டார். சுந்தர ராமசாமி 'சு' வரிசையில் நிற்கிறார். அவருடைய கவிதைகள் வேண்டுமென்றால் பசுவய்யா என்ற பெயரைத் தேடி 'ப' வரிசைக்குப் போக வேண்டும். சோ ராமசாமி இன்னும் மோசம். நம்ம பக்கத்தில் சோ. என்று கண்டால் சோமசுந்தரத்தின் மகனாக்கும் என்றுதான் நினைப்போம். அவருக்கு அது இனிஷியலே இல்லை, நாடகப் பாத்திரம் ஒன்றிலிருந்து ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். எங்க அப்பாவிடம் இதையெல்லாம் போனில் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வி.கே. ராமசாமிய விட்டுட்டியே?" அவர் நடிகர் என்பதால் அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டேன்.

தாத்தாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் காலத்தில் எங்க தோட்டத்தில் மூன்று ராமசாமிகள் இருந்தார்கள். நெட்ட ராமசாமி, தப்படிக்கிற தப்பு ராமசாமி, பிறகு கவ்வாத்து ராமசாமி. தாத்தாதான் கவ்வாத்து. தேயிலைச் செடியை வெட்டி இறக்குவதில் அவர் கத்தி வேகம் பற்றி இன்றைக்கும் லயத்தில் பேச்சுண்டு. செக்ரோலில் மூன்று பேருக்கும் இலக்கம்தான் வித்தியாசம். தோட்டத்தில் 'பேர்' என்ற சொல்லுக்கே வேறொரு அர்த்தம் உண்டு, மலையகத்துக்கு வெளியே இருக்கிற நண்பர்களுக்காகச் சொல்கிறேன். ஒருநாள் வேலை கணக்கில் விழுந்தால் 'பேர் போட்டாச்சு'. கொழுந்து நிறை குறைந்துவிட்டால் 'அரைப் பேர்'. காலையிலிருந்து மழையில் நின்ற ஒரு மனிசிக்கு அரைப் பேர். எங்க அப்பாயி பல நாள் அரைப் பேரோடு வீட்டுக்கு வந்தவர்.

காகிதத்தில் தாத்தாவின் பெயர் இன்னும் சிக்கல். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களில், அப்பாவினதில் அவர் ஒரு மாதிரி, சித்தப்பாவினதில் இன்னொரு மாதிரி, அத்தையினதில் வெறும் 'ராமன்'. எழுதியவர்களின் காதுக்கு எப்படி விழுந்ததோ அப்படி. ஒரே தகப்பனுக்கு மூன்று பெயர் வந்ததால் அவர்கள் மூன்று பேரும் கூடப்பிறந்தவர்கள் என்று நிரூபிக்க அப்பா அலைந்த அலைச்சல் தனிக்கதை. ஆகவே, நூலகத்தில் ராமசாமி என்று தட்டியதும் வரிசையாகப் புத்தகங்கள் வந்து விழுந்தபோது எனக்கு வந்தது ஆச்சரியம் மட்டும் இல்லை. இந்தப் பெயர் புத்தகத்து அட்டையிலும் இருக்குமா என்ற ஒரு உணர்ச்சி.

தொடங்கியது சுந்தர ராமசாமியில். 'ஒரு புளியமரத்தின் கதை' 1966இல் வந்த நாவல். நாகர்கோவில் பக்கத்தில் ஒரு சந்தியில் நிற்கிற புளியமரம்தான் கதாநாயகன். மரம் எதுவும் செய்வதில்லை, சும்மா நிற்கிறது. அதைச் சுற்றி ஊர் மாறுகிறது, கடைகள் வருகின்றன, தேர்தல் வருகிறது, மனிதர்கள் தங்கள் சண்டைக்கு மரத்தை இழுத்துப் போடுகிறார்கள். ஒரே மூச்சில் வாசித்தேன். எங்க டவுனில் பஸ் நிற்கிற இடத்திலும் ஒரு மரம் நிற்கிறது. அதன் கதையை யாரும் எழுதவில்லையே என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பிறகு 'ஜே.ஜே: சில குறிப்புகள்'. 1981இல் வந்தது. இது லேசில் உள்ளே விடாத புத்தகம். ஜோசஃப் ஜேம்ஸ் என்ற மலையாள எழுத்தாளரைப் பற்றிய குறிப்புகள் என்று போகிறது, அப்படி ஒரு எழுத்தாளரே கிடையாது. ஆல்பர் காம்யு இறந்த மறுநாள், 1960 ஜனவரி 5இல், ஜே.ஜே. இறந்ததாகத் தொடங்குகிறது. இரண்டு தடவை நடுவில் மூடிவைத்துவிட்டு மூன்றாவது தடவைதான் முடித்தேன். அறிவாளிகள் ஒருவரை ஒருவர் எப்படிக் கடித்துக்கொள்கிறார்கள் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நல்ல விருந்து. எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. 'குழந்தைகள் பெண்கள் ஆண்கள்' ஒட்டியது. அதில் எஸ்.ஆர்.எஸ். என்ற கண்டிப்பான அப்பாவும் பாலு என்ற பயந்த பையனும் வருகிறார்கள். சுந்தரம் என்பது ஆசிரியரின் சொந்த அப்பாவின் பெயர். நாமெல்லாம் ஒரு எழுத்தாகச் சுருக்கிவிடுகிற அப்பாவை அவர் தன் பெயருக்கு முன்னால் கிட்டத்தட்ட முழுதாகவே நிறுத்தியிருக்கிறார் என்பது அந்த நாவலுக்குப் பிறகுதான் உறைத்தது.

ஆனால் அவருடைய பெயர் போட்ட புத்தகங்களில் என்னை நித்திரை கொள்ள விடாதது அவர் எழுதியதே இல்லை, மொழிபெயர்த்தது. தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'தோட்டியின் மகன்'. ஆலப்புழையில் மலம் அள்ளுகிற தொழிலாளர்களின் கதை. சுடலைமுத்து என்ற தோட்டி தன் மகன் தோட்டியாகக் கூடாது என்று வெறியாக இருக்கிறான். அதற்கு அவன் செய்கிற வேலைகளில் ஒன்று, பிள்ளைக்கு மோகனன் என்று பெயர் வைப்பது. பெரிய மனிதர் வீட்டுப் பிள்ளைக்கு வைக்கிற பெயர். அதைக் கேட்டு மற்றவர்கள் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். ஒரு பெயர்தானே, அதில் என்ன என்று கேட்கிற ஆள் என்றால் அந்த அத்தியாயத்தை வாசிக்க வேண்டும். சுந்தர ராமசாமி சிறுவயதைக் கேரளத்தில் கழித்துவிட்டு, வாலிப வயதில்தான் தமிழ் எழுத்தைக் கற்றவர் என்று அறிந்தபோது, ஹொஸ்டலில் சிங்கள எழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

பெரியாருக்கு நான் வந்த வழி 'பெண் ஏன் அடிமையானாள்?'. மெலிந்த புத்தகம். கற்பு, காதல், மறுமணம், சொத்துரிமை, கர்ப்பத்தடை என்று ஒவ்வொன்றாக எடுத்து அடித்துக்கொண்டு போகிறார். அலங்காரம் கிடையாது, உவமை தேடி அலைவது கிடையாது, வாய்ப்பேச்சை அப்படியே தாளில் இறக்கியது மாதிரி. தொண்ணூறு வருடத்துக்கு முந்திய எழுத்து என்று சொன்னால் எங்க பட்ச் பிள்ளைகள் நம்பவில்லை. ஆண்மை என்ற எண்ணமே அழிய வேண்டும் என்று சொல்கிற கடைசிக் கட்டுரையைக் கென்டீனில் வைத்துச் சத்தமாக வாசித்தோம். பக்கத்து மேசைப் பொடியன்மார் எழும்பிப் போய்விட்டார்கள். (தேநீர் முடிந்ததால் என்று பிறகு சொன்னார்கள்.)

இதே ராமசாமி 1932இல் ஐரோப்பியப் பயணம் முடித்துத் திரும்பும் வழியில் கொழும்பில் இறங்கிப் பேசினார், அந்தப் பேச்சு சிறு புத்தகமாகவும் வந்தது. இன்னொரு ராமசாமியும் அதே தசாப்தத்தில் கொழும்பில் இருந்தார். வ.ரா. 1930இல் தொடங்கிய வீரகேசரிக்கு அவர் சில காலம் ஆசிரியர். பெரியார் பிறந்தது 1879 செப்டம்பர் 17. வ.ரா. பிறந்தது 1889 செப்டம்பர் 17. சரியாகப் பத்து வருட இடைவெளியில் ஒரே நாளில் இரண்டு ராமசாமிகள். ஒருவர் தன் பெயரின் வாலிலிருந்த நாயக்கரை வெட்டினார், மற்றவர் ஐயங்காரை வெட்டிப் பூணூலையும் கழற்றினார். வால் போனதும் இரண்டு பேரிடமும் மிஞ்சியது தோட்டத்து ராமசாமியிடம் இருந்த அதே பெயர்தான். இதை ஒரு கண்டுபிடிப்பு என்று நான் சொல்லவில்லை, ஆனால் அந்த இரவு ரூமில் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வ.ரா.வை இன்றைக்கு வாசிக்கிறவர்கள் குறைவு. பாரதியாரின் வாழ்க்கையை எழுதியவர் என்பதோடு நிறுத்திவிடுகிறோம். புதுச்சேரியில் பாரதியோடு பழகியவர் எழுதியது என்பதால் அந்தப் புத்தகத்தில் பாரதி சிலையாக இல்லை, மனிதராக நடமாடுகிறார். 'சுந்தரி' என்ற நாவலில் விதவைப் பெண்ணின் பிரச்சினையை 1917இலேயே எழுதினார். 'கோதைத்தீவு' இன்னும் விசித்திரம். பெண்கள் ஆளுகிற ஒரு தீவு. உண்மையைச் சொன்னால் கதையாக அது கொஞ்சம் மெலிவு, பாதி இடத்தில் பாத்திரங்கள் பேசவில்லை, வ.ரா.தான் பேசுகிறார். ஆனாலும் அந்தக் காலத்தில் ஒரு ஆண் இப்படி யோசித்துப் பார்த்திருக்கிறாரே என்று பக்கத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தேன்.

சோ ராமசாமியின் அரசியலுக்கும் எனக்கும் ஒத்து வராது. பெண்களைப் பற்றி அவர் அடிக்கிற பகிடிகள் சில எரிச்சலாக இருக்கும். ஆனால் 'முகம்மது பின் துக்ளக்' வாசித்துச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை, அதையும் சொல்லத்தானே வேண்டும். 1968இல் மேடையேறிய நாடகம். பழைய டில்லி சுல்தானும் இபன் பதூதாவும் சமாதியிலிருந்து எழுந்து வந்ததாக நாட்டை நம்பவைத்து, துக்ளக் தேர்தலில் நின்று பிரதமராகவே ஆகிவிடுகிறார். கட்சி தாவி வருகிறவர்களுக்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி. நம்ம நாட்டில் ஒரு அமைச்சரவைப் படத்தைப் பார்த்துவிட்டு அதை வாசியுங்கள், பெயர்களை மட்டும் மாற்றினால் போதும்.

இந்த ராமசாமியும் பெரியாரும் நேருக்கு நேர் நின்றதும் நடந்திருக்கிறது. 1971 ஜனவரியில் சேலத்தில் திராவிடர் கழகம் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடத்தியது. ஊர்வலத்தில் ராமர் படம் பட்ட பாட்டைச் சோவின் துக்ளக் பத்திரிகை படத்தோடு வெளியிட, அரசாங்கம் இதழ்களைப் பறிமுதல் செய்தது. ராமனுக்காக நடந்த சண்டையில் இரண்டு பக்கமும் ராமசாமி. பெயர் வைத்த பெற்றோர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

'ஜோக்கர்' படம் பார்த்தவர்களுக்கு அதில் பொன்னூஞ்சலாக வருகிற பெரியவரை ஞாபகம் இருக்கும். அவர் மு. ராமசாமி. மதுரையில் நிஜ நாடக இயக்கத்தை நடத்தியவர், தஞ்சாவூரில் நாடகப் பேராசிரியர், தோல்பாவை நிழற்கூத்தை ஆராய்ந்தவர். 'கலகக்காரர் தோழர் பெரியார்' என்ற நாடகத்தைப் போட்டு அதில் பெரியாராக நடித்ததும் அவரே. ஒரு ராமசாமியாக இன்னொரு ராமசாமி. இதே துறையில், நாடகம் பற்றியே எழுதுகிற இன்னொரு பேராசிரியர் அ. ராமசாமி. இங்கே அந்த ஒற்றை எழுத்து இல்லாவிட்டால் நூலகர் பாடு திண்டாட்டம்தான்.

இப்படியே சந்தோசமாகப் போய்க்கொண்டிருந்த வாசிப்பில்தான் ஒருநாள் 'ஹாப்சன்-ஜாப்சன்' கைக்கு வந்தது. வெளியே கொண்டுபோக விடாத பகுதியில் இருக்கிற தடித்த அகராதி. ஹென்றி யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வந்தது. இந்தியாவில் வாழ்ந்த வெள்ளைக்காரர்கள் உள்ளூர்ச் சொற்களைத் தங்கள் வாய்க்கேற்றபடி எப்படி வளைத்தார்கள் என்பதற்கான அகராதி. அதன் தலைப்பே முஹர்ரம் ஊர்வலத்தில் எழும் 'யா ஹசன், யா ஹுசைன்' என்ற ஒலியை அவர்கள் காது கெடுத்ததிலிருந்து வந்ததுதான். ஒரு அசைன்மென்டுக்காகக் 'கூலி' என்ற சொல்லைப் பார்க்கத்தான் எடுத்தேன். பழக்க தோசம், ராமசாமியும் இருக்கிறதா என்று புரட்டினேன்.

இருந்தது. இரண்டு அர்த்தம் போட்டிருந்தார்கள். ஒன்று, தென்னிந்தியாவின் இந்துக்களுக்கு, குறிப்பாக இலங்கை போன்ற இடங்களில் வேலை செய்கிற கூலிகளுக்கு, மொத்தமாக வழங்கும் பெயர். பிரிட்டிஷ் சிப்பாய் எல்லோருக்கும் 'டொமி அட்கின்ஸ்' என்று ஒரு பெயர் வைத்திருந்தார்களே, அது மாதிரி. இரண்டாவது, சுருட்டுப் பற்றவைக்க ஒரு குழாய்க்குள் திணித்து வைக்கிற பஞ்சுத் திரி. அதற்கும் ராமசாமி என்றுதான் பெயர்.

புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். காரணம் இருக்கிறது. தாத்தா எங்களுக்குச் சின்ன வயதில் திரும்பத் திரும்பச் சொன்ன கதை ஒன்று உண்டு. அவர் வாலிபனாக இருந்தபோது தோட்டத்தில் வெள்ளைக்காரத் தொரை. மலையில் முந்நூறு பேர் நின்றாலும் அந்தத் தொரை வண்டியை நிறுத்தி, "ராமசாமி!" என்று இவரைத்தான் கூப்பிடுவாராம். "தொரைக்கு எம்பேரு தெரியும்" என்று முடிப்பார். அவர் வாழ்க்கையில் பெருமையாகச் சொன்ன விசயங்கள் அதிகம் இல்லை. பிரஜாவுரிமை இல்லாமல் பாதி ஆயுள், 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பல் ஏறிப்போன அண்ணன், பிறகு திரும்பிப் பார்க்காத உறவு. அதற்கு நடுவில் இந்த ஒரு கதை இருந்தது. அதைத்தான் ஒரு அகராதி நான்கைந்து வரியில் முடித்துவைத்திருந்தது.

ரூமில் இருக்கிற மட்டக்களப்புத் தோழியிடம் மட்டும் சொன்னேன். "தாத்தாக்கிட்ட இதச் சொல்லிராத" என்றாள். என் யோசனையும் அதுதான். ஆனால் மறைத்து வைத்தால், அவருக்கு எது தாங்கும், எது தாங்காது என்று நான் முடிவெடுக்கிறேன் என்று ஆகிறது. அதைத்தானே அவர் ஆயுள் முழுக்க மற்றவர்கள் செய்தார்கள். சித்திரை லீவுக்கு வீட்டுக்குப் போகும் வரை இரண்டு பக்கமும் இழுபட்டது.

லீவில் ஒரு பின்னேரம், வாசலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவரிடம் சும்மா கேட்பது மாதிரிக் கேட்டேன்.

"தாத்தா, தொரை நெட்ட ராமசாமியை எப்படிக் கூப்புடுவாரு?"

"அவனையும் ராமசாமின்னுதான்."

"கருப்பையா தாத்தாவை?"

உரலில் இடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"ஒனக்கு யாரு சொன்னது? கருப்பையாவும் ராமசாமிதான், முனியாண்டியும் ராமசாமிதான். அவனுக்கு எல்லாருமே ராமசாமிதான். கூப்புட்டான்னா எவனும் திரும்ப மாட்டானுக, யாரையோ கூப்புடுறான்னு நிப்பானுக. நெசமாவே அந்தப் பேரு உள்ளவன் நானு, நான்தான் ஓடணும். மத்தவன் வேலையும் சேந்து என் தலையில விழும்."

"பின்ன ஏன் எங்ககிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"அப்ப ஒனக்கு ஆறு வயசு. பின்ன வேற என்னத்தச் சொல்றது?"

அப்பாயி உள்ளேயிருந்து, "கத விடுறதுல மட்டும் கொறச்சலில்ல" என்றார்.

பிறகு நான் என்னுடைய ராமசாமிகளைப் பற்றி அவருக்குச் சொன்னேன். பெரியாரை அவருக்குத் தெரியும், சோவைப் படத்தில் பார்த்திருக்கிறார். மற்றவர்களைப் பற்றிப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இத்தன பேருல கவ்வாத்து வெட்டுனவன் எவனாச்சும் இருக்கானா?" என்றார். இல்லை என்றேன். தலையாட்டிவிட்டு வெற்றிலையை வாயில் போட்டார்.

அவருக்கு இப்போது கண் சரியில்லை. லீவு முடியும் வரை தினமும் ராத்திரி 'ஒரு புளியமரத்தின் கதை'யை வாசித்துக் காட்டினேன். மகாராஜா வருகிறார் என்பதற்காக மரத்தைச் சுற்றியிருந்த குளத்தை அவசர அவசரமாக மண் போட்டு நிரப்புகிற இடம் வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"அம்புட்டு மண்ணு சொமந்தானுகளே, அதுக்கு எத்தன பேரு போட்டானுக?"